சொட்டுநீர் போட்டும் நாட்டுச் செடிகள் காய்வது ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். வீட்டைச் சுற்றி சுமார் 2,000 சதுர அடி இடம் இருக்கிறது. களி கலந்த செம்மண். கோடையில் கிணற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் தண்ணீர் அதிகம் கேட்காத நாட்டுச் செடிகளாகவே வைப்போம் என்று, மழைக்காலம் முடிந்ததும் ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, புங்கன் என 40 செடிகள் நட்டேன். குழி நிறைய எரு போட்டேன். எல்லாவற்றுக்கும் சொட்டுநீர்தான், மேல்நிலைத் தொட்டியிலிருந்து தினமும் காலையில் 10 நிமிடம் திறந்து விடுகிறேன். கோடை பாதிகூடத் தாண்டவில்லை, 16 செடிகள் காய்ந்துவிட்டன. ஐந்தடி உயரத்தில் வாங்கி வைத்த புங்கன்கள்தான் முதலில் போயின. ஒரே குழாயில் இருக்கும் கற்றாழை அழுகுகிறது, நாலடி தள்ளி கீரை வாடுகிறது. நாட்டுச் செடி வறட்சியைத் தாங்கும் என்பது உண்மையில்லையா?

பதில்: உண்மைதான். ஆனால் தாங்குவது செடியின் பெயரால் அல்ல, வேரின் ஆழத்தால். நீங்கள் நட்ட செடிகளுக்கு அந்த ஆழத்துக்குப் போக இன்னும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 16 செடிகள் போனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இருந்தாலும் உங்கள் கடிதத்திலேயே காரணங்கள் எல்லாம் இருக்கின்றன, மீதி 24 செடிகளைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளை காலை தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, காய்ந்துபோன ஒரு செடியின் சொட்டுவானுக்கு (குழாயில் நீர் சொட்டும் சிறு முனை) பக்கத்தில் மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்கு நேராக வெட்டிப் பாருங்கள். மேலே மூன்று, நான்கு அங்குலம் கருத்த ஈரமண் இருக்கும். அதற்குக் கீழே கோடு கிழித்தது போல வெளிறிய மண், விரலால் தட்டினால் புழுதியாக உதிரும். செடியைப் பிடுங்கினால் வேர் முழுவதும் அந்த நான்கு அங்குலத்துக்குள் பாய் விரித்தது போலப் படர்ந்திருக்கும். வேர் ஈரமில்லாத மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே போகாது. ஈரம் இறங்கிய இடம் வரைதான் அதுவும் இறங்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்களுடையது வழக்கமான, மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவான் என்றால், 10 நிமிடத்தில் ஒரு செடிக்குக் கிடைப்பது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதில் ஒரு பங்கு, வெறும் மண்ணில் வெயில் ஏறியதும் ஆவியாகிவிடும். மிஞ்சியது மேல்மண்ணை மட்டும் நனைக்கும். தினமும் மேலேயே ஈரம் கிடைத்தால் வேர் ஏன் கீழே போகப்போகிறது? கோடையில் ஒரு அடிக்குக் கீழே மண் குளிர்ந்திருக்கும்போது மேலே நான்கு அங்குலம் கொதிக்கும். உங்கள் செடிகளின் வேர் அந்தக் கொதிக்கிற மண்ணில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுவதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதுதான் வேரைக் கீழே இறக்கும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

இதைக் கேட்டதும் நாளைக்கே வாரம் ஒரு முறை என்று மாற்றிவிடாதீர்கள். மேல்வேரோடு மட்டும் இருக்கும் செடி அதைத் தாங்காது. படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் விடுங்கள். செடிக்கு 4 லிட்டர் போகும். அடுத்த மூன்று வாரம், நான்கு நாளுக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம். அப்புறம் வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம். இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்று நினைக்கலாம். வாரம் ஒரு முறை 8 லிட்டர் வீதம் 24 செடிக்கு 192 லிட்டர் ஆகும். 40 செடிக்கும் தினமும் 10 நிமிடம் விட்டபோது வாரத்துக்குச் செலவானது ஏறக்குறைய 187 லிட்டர். பழக்கும் இந்த ஐந்து வாரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 15 முதல் 20 லிட்டர் போதும். மூன்றாம் கோடையில், கொழுந்து தொங்கினால் மட்டும் விடுங்கள்.

களி கலந்த மண் என்பதால் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் விட்டால் தண்ணீர் இறங்காமல் ஓடக்கூடும். களிமண் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சுவது 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். மணல் 30 மில்லிமீட்டருக்கு மேல் குடித்துவிடும். அரை மணி நேரம் திறந்து, அரை மணி நேரம் மூடி, மறுபடி திறங்கள். மணற்பாங்கான மண் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே போய்விடும், அதனால் ஒரு செடிக்கு இரண்டு சொட்டுவான் வைத்து, அளவைக் குறைத்து, இடைவெளியையும் குறைக்க வேண்டும்.

ஈரம் எவ்வளவு இறங்கியது என்று அறிய ஒவ்வொரு முறையும் வெட்டிப் பார்க்க வேண்டாம். விரல் தடிமனில் ஒரு இரும்புக் கம்பி போதும். தண்ணீர் விட்ட மறுநாள் கையால் அழுத்தினால் நனைந்த மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். சிறு செடிக்கு ஒரு அடி, மரக்கன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி இறங்க வேண்டும். எத்தனை நிமிடம் விடுவது என்பதை என் கணக்கைவிட அந்தக் கம்பி சரியாகச் சொல்லும்.

இன்னொன்று: சொட்டுவானில் 4 லிட்டர் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது ஏறக்குறைய 10 மீட்டர் உயர அழுத்தத்துக்கான கணக்கு. மேல்நிலைத் தொட்டி மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் பாதியளவுதான் சொட்டும், குழாயின் கடைசியில் இன்னும் குறையும். வரிசையின் முதல் சொட்டுவானுக்கும் கடைசிச் சொட்டுவானுக்கும் கீழே ஒரு பாத்திரம் வைத்து 15 நிமிடம் பிடியுங்கள். இரண்டிலும் ஒரு லிட்டர் இருந்தால் சரி. அரை லிட்டர்தான் என்றால் நான் சொன்ன நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். கடைசியில் மட்டும் மிகவும் குறைந்தால் நீளமான குழாயை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக விடுங்கள். வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவுங்கள். குழாயின் கடைசி மூடியையும் அப்போதே திறந்து வண்டலை ஓடவிடுங்கள். உப்புப் படிந்து அடைத்த சொட்டுவானைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

இப்போது கற்றாழையும் கீரையும். இது நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. ஒரே வால்வில் இரண்டு விதமான தாகத்தைக் கட்டிவைத்திருக்கிறீர்கள். எரு நிறைந்த குழியில் தினமும் நனைந்தால் கற்றாழை அழுகத்தான் செய்யும். அதே முக்கால் லிட்டர் கீரைக்குக் காணாது. தோட்டத்தைத் தாகத்தின்படி மூன்றாகப் பிரியுங்கள். கீரை, காய்கறி, மல்லிகை மாதிரி அடிக்கடி கேட்பவை வீட்டுக்கு மிக அருகில் இருக்கட்டும். அவை எவ்வளவு சிறிய பாத்தியோ அவ்வளவு நல்லது. நடுவில் செம்பருத்தி போல வாரம் ஒரு முறை கேட்பவை. வெளி ஓரத்தில், வேர் பிடித்தபின் தண்ணீரே வேண்டாத நாட்டுச் செடிகள். கற்றாழைக்குச் சொட்டுவானே வேண்டாம். மூன்றுக்கும் மூன்று வால்வுகள். தோட்டத்தின் வடிவமைப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை முதலில் இதுதான். நடைபாதையும் அழகும் அப்புறம்.

கீரைப் பாத்திக்கு நான் சொட்டுநீரைவிடப் பானையைத்தான் விரும்புவேன். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, நீர் நிரப்பி, மூடி வையுங்கள். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானை கசியும். மண் நனைந்திருந்தால் கசிவு தானாகக் குறையும். 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூலிலேயே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. மின்சாரமும் வடிகட்டியும் கேட்காத பாசனம். பெயின்ட் அடித்த பானை மட்டும் கசியாது.

குளித்த தண்ணீரை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் விடலாம். அன்றன்றைக்கே விட்டுவிட வேண்டும், தேக்கினால் நாறும். துணி துவைத்த சோப்புத்தூள் தண்ணீரில் சோடியம் அதிகம். களி கலந்த உங்கள் மண்ணை அது இறுக்கிவிடும், அது வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்குக் கழிவுநீர் எதுவும் கூடாது.

நட்ட விதத்திலும் மூன்று தவறுகள் நடந்திருக்கின்றன. முதலாவது, நட்ட காலம். மழை முடிந்த பிறகு நட்டால் செடி நேராகக் கோடையைச் சந்திக்கிறது. மழை தொடங்கும்போது நட்டிருந்தால் அந்த மழைக்காலம் முழுவதும் வேர் கீழே இறங்கியிருக்கும். இரண்டாவது, குழி நிறைய எரு. களிமண்ணில் அப்படிச் செய்தால் குழியே ஒரு பூந்தொட்டி ஆகிவிடுகிறது. வேர் அந்தச் சொகுசைவிட்டு வெளியே வராது. அதோடு தழைச்சத்து மிகுந்து இலை கொழிக்கும், கொழித்த இலை கூடுதல் தண்ணீர் கேட்கும். நாட்டுச் செடிக்கு வெட்டியெடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, இரண்டு கை எரு மேலாகத் தூவினால் போதும். மூன்றாவது, ஐந்தடிப் புங்கன். அவ்வளவு இலையையும் சுமக்க, பைக்குள் சுருண்ட வேரால் முடியாது. ஒன்றரை அடிக் கன்று மூன்றே ஆண்டில் அதை உயரத்தில் பிடித்துவிடும். பையைக் கிழிக்கும்போது வட்டமாகச் சுற்றிய வேர் தெரிந்தால் நாலு பக்கமும் கத்தியால் லேசாகக் கீறிவிட்டு நடுங்கள். இல்லையென்றால் மண்ணுக்குள்ளும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஆவாரையைக் கன்றாக வாங்கவே வேண்டாம். அது ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினால் முகம் சுளிக்கும். விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, முதல் மழையில் இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள்.

காலியான 16 இடங்களுக்கு வேறு என்ன வைக்கலாம்? எந்த ஊராக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: உச்சக் கோடையில் யாரும் தண்ணீர் ஊற்றாத புறம்போக்கில் எது பசுமையாக நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சீமைக்கருவேலத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வறட்சியைத் தாங்கும்தான், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து மற்றவற்றை நெருக்குகிற செடி. அப்படித் தாங்கி நிற்கும் செடிகளில் விராலி என்ற புதரின் இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பிசின் பூச்சுதான் நீரிழப்பைத் தடுக்கிறது. பிரண்டை தண்டிலேயே நீரைச் சேர்த்துவைக்கும். வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் நல்ல தேர்வு. ஆடு தொடாது என்பதை ஆடாதொடை பெயரிலேயே வைத்திருக்கிறது. மதிலைக் காக்கும் போருக்குப் புறத்திணையில் நொச்சி என்றே பெயர். புல்தரை வேண்டும் என்று ஆசை இருந்தால் அந்த இடத்தில் தரையோடு படரும் பொடுதலை வையுங்கள். மிதித்தாலும் தாங்கும், சிறு பூவுக்குத் தேனீயும் வரும். படர்வது வேகமாக இருக்கும், ஓரத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்.

செடியைச் சுற்றி மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்றே போடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய குச்சி எதுவும் ஆகும். மூன்று அங்குலக் கனம், தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி. தண்டை ஒட்டிக் குவித்தால் கரையானும் அழுகலும் வரும். சொட்டுவான் மூடாக்குக்குக் கீழே இருக்க வேண்டும். கூட்டிக் குவித்து இலையை எரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. செடிக்குக் குடையாக இருக்க வேண்டியது புகையாகப் போகிறது.

மழை வரும்முன் கூரைத் தண்ணீருக்கு வழி செய்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நல்ல மழையில் 2,000 லிட்டர் விழும். சேதாரம் போக 1,600 லிட்டராவது வரும். அதைத் தெருவுக்கு விடாமல், அரை அடி ஆழ வாய்க்காலில் மரங்களின் வட்டப்பாத்திக்குத் திருப்புங்கள். சரிவில் இருக்கும் செடிக்குப் பள்ளப் பக்கமாகப் பிறை வடிவில் ஒரு வரப்பு போதும். அங்கே நின்று இறங்கும் தண்ணீர் போகும் ஆழத்துக்குச் சொட்டுவானால் எளிதில் நனைக்க முடியாது. மண்ணே உங்கள் பெரிய தொட்டி.

செடி வளர வளரச் சொட்டுவானைத் தண்டிலிருந்து நகர்த்திக்கொண்டே போங்கள். நீர் குடிக்கும் இளவேர்களில் பல கிளை நிழலின் விளிம்பிலும் அதற்கு வெளியிலும் இருக்கும். நட்ட அன்று அரை அடி தள்ளி வைத்த சொட்டுவான் இரண்டாம் ஆண்டிலும் அங்கேயே இருந்தால் நனைவது தண்டின் அடிதான்.

கடைசியாக, காய்ந்த 16 செடிகளையும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு உயிரைத் தண்டில் பிடித்துவைத்திருக்கும் செடிகள் உண்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மேலே காய்ந்ததை மட்டும் வெட்டிவிட்டு, மற்ற 24 செடிகளோடு அதற்கும் தண்ணீர் விடுங்கள். நொச்சிகளில் இரண்டு மூன்றாவது அடியிலிருந்து தழையும் என்று எதிர்பார்க்கிறேன். ஐந்து வாரம் கழித்து, கம்பி எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த அளவைச் சொல்கிறேன்.