கௌபியில் பிரவுணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோதுமை மா, முட்டை, பட்டர் மூன்றும் சேராமல், கௌபியை (தட்டைப்பயறு) அரைத்துச் செய்யும் பிரவுணி என்ற கொக்கோக் கேக் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதி "ஓவனில் எத்தனை நிமிடம்?" என்றே கேட்கின்றன. இந்தப் பிரவுணி ஓவனில் பழுதாவது குறைவு. கௌபி அவிகிற சட்டியிலும், சுட்டெடுத்த பிறகு ஆறவிடுவதிலும்தான் அநேகமாகப் பழுதாகிறது. அதனால் அந்த இரண்டையும் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும்.

அளவுகளைச் சரியாகச் சொல்லுங்கள். கப் கணக்கில் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. (ஆரையம்பதி)

தராசில் நிறுத்துச் செய்யுங்கள். 18 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு ஒன்றுக்கு:

அவித்து நீர் வடித்த கௌபி 250 கிராம் (காய்ந்த கௌபி 100 முதல் 110 கிராம் ஊறப்போட்டால் இது கிடைக்கும்), இனிப்பில்லாத கொக்கோத் தூள் 60 கிராம், சிவப்புச் சீனி 120 கிராம், தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பொடித்த ஆளிவிதை 2 மேசைக்கரண்டி, அதை ஊறவைக்க 5 மேசைக்கரண்டி தண்ணீர், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி.

ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் கலந்து 10 நிமிடம் விடுங்கள்; வழுவழுப்பாகக் கட்டிப்படும். முதலில் கௌபியையும் எண்ணெயையும் ஆளிவிதைக் கலவையையும் மட்டும் அரையுங்கள். பசையான பிறகு சீனி, உப்பு, வனிலா. கடைசியில் கொக்கோவும் பேக்கிங் பவுடரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கொக்கோ பசையை இறுக்கிவிடும், பிளெண்டர் சுற்றாது, கௌபி அரைபடாமல் நிற்கும்.

கலவை கரண்டியிலிருந்து வழிந்து ஓடக்கூடாது. தட்டினால் பொத்தென்று விழவேண்டும். மிகவும் இறுகியிருந்தால் முதல் தேங்காய்ப்பால் 1 அல்லது 2 மேசைக்கரண்டி விடலாம். தட்டில் ஒயில் பேப்பர் விரித்துப் பரப்பி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 பாகை செல்சியஸில் 22 முதல் 25 நிமிடம். 16 துண்டு வரும்.

பிரவுணி மணல் மாதிரி நறநறக்கிறது. பிளெண்டர் பழசானதாலா? (களுவாஞ்சிக்குடி)

பிளெண்டரைக் குறை சொல்வதற்கு முன் கௌபியைப் பாருங்கள். ஆறிய ஒரு விதையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல் படாமலே முழுதாக மசிய வேண்டும். நடுவில் ஒரு சின்னக் குறுணி தட்டுப்பட்டாலும் அது பிரவுணியில் அப்படியே தெரியும். கறிக்குப் பதமான கௌபி இதற்குப் பதமல்ல. கறியில் விதை முழுசாக நிற்கவேண்டும், இங்கே குழையவேண்டும்.

அவியாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பழைய கௌபி. மாதக்கணக்கில் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் கிடந்த தானியம் எவ்வளவு அவித்தாலும் உள்ளே இறுகியே இருக்கும். மற்றது தண்ணீர். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவரும் வன்மையுமாக இருக்கிறது. அதிலுள்ள கல்சியம் விதையின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். குழாய்த் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ பாவியுங்கள். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், ஊறவைக்கும் ஒரு லீற்றருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போடுங்கள். ஊறிய பிறகு அந்த நீரைக் கொட்டி, இரண்டு மூன்று தரம் அலசி, புதுத் தண்ணீரில் அவியுங்கள். அலசாமல் விட்டால் பிரவுணியில் சவர்க்கார வாடை அடிக்கும்.

நம்முடைய வெக்கையில் இரவு முழுக்க வெளியில் ஊறவைத்தால் காலையில் நுரைத்துப் புளித்திருக்கும். 6 மணித்தியாலம் போதும்; அதைவிடக் கூடுமானால் பிரிட்ஜில் வையுங்கள். பிரஷர் குக்கரில் 4 விசில், அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கும்வரை திறக்கவேண்டாம். சாதாரணச் சட்டியில் முக்கால் மணி முதல் ஒரு மணித்தியாலம். அவிந்ததை அரிதட்டில் கொட்டி 10 நிமிடம் நீர் வடியவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் நறநறத்தால்தான் பிளெண்டரில் பிழை. அப்போது கௌபி இளஞ்சூடாக இருக்கும்போதே அம்மியில் வைத்து இழையுங்கள். சின்ன அளவுக்கு அம்மியில் வரும் பசையைப் போல எந்த மெசினிலும் வராது.

25 நிமிடம் சுட்டும் உள்ளே களியாக இருக்கிறது. 40 நிமிடம் விட்டால் ஓரம் காய்ந்து வெடிக்கிறது. (ஏறாவூர்)

கோதுமை மா கேக்கில் பச்சை மாப்பொருள் ஓவன் சூட்டில் நீரை உறிஞ்சி வெந்து கேக்கைப் பிடித்துநிறுத்தும். முட்டையும் இறுகும். கௌபியில் மாப்பொருள் சட்டியிலேயே வெந்துவிட்டது. ஓவனில் மறுபடி வேக ஒன்றுமில்லை. அங்கே நடப்பது மேல் ஈரம் வற்றுவதும் ஆளிவிதை கொஞ்சம் பிடிப்பதும்தான். இறுகும் வேலை ஆறும்போது நடக்கிறது: வெந்த மாப்பொருள் குளிர்ந்து கெட்டிப்படும், தேங்காய் எண்ணெய் உறையும்.

தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 பாகையில். மட்டக்களப்புக் குசினியில் நடுச்சாமத்திலும் அந்தளவு குளிர் அரிது. ஆகவே மேசையில் எத்தனை மணித்தியாலம் வைத்தாலும் இந்தப் பிரவுணி முழுதாக இறுகாது. தட்டோடு ஒரு மணித்தியாலம் வெளியில் ஆறவிட்டு, மூடி, குறைந்தது 4 மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. குளிர் நாட்டுச் செய்முறைகள் பலவற்றில் "ஆறியதும் வெட்டவும்" என்று மட்டும் இருக்கும். இங்கே அது போதாது.

எப்போது இறக்குவது? மேற்பரப்பின் பளபளப்பு மறைந்து, ஓரம் தட்டை விட்டு விலகத் தொடங்கியதும். நடுவில் ஈர்க்கு குத்தினால் ஈரத்துணுக்கு ஒட்டத்தான் செய்யும். அது சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் ஓரம் காய்ந்துபோகும். ஈர்க்கில் பச்சைக் கலவை வழிந்தால் மட்டும் இன்னும் 5 நிமிடம் விடுங்கள்.

ஓவன் இல்லை. காஸ் அடுப்பில் செய்ய வழி உண்டா? (வாழைச்சேனை)

உண்டு. அடி கனத்த பழைய அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி, மேலே ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் நடுத்தர நெருப்பில் சூடாக்குங்கள். தட்டை வளையத்தில் வைத்து, நெருப்பைக் குறைத்து 35 முதல் 45 நிமிடம். மூடியில் ஆவி முத்து முத்தாகக் கோத்துப் பிரவுணியில் சொட்டும். மூடியைத் துணியால் சுற்றி, துணியின் நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள், நெருப்பில் தொங்கக்கூடாது. மேலே மொறுமொறுப்பு வேண்டுமென்றால் அந்தக் காலத்துக் கேக் முறைதான்: துணி இல்லாமல், தட்டையான மூடியின் மேல் கடைசி 10 நிமிடம் சிரட்டைத் தணல் ஒரு கைப்பிடி. இதைக் குசினிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நொன்ஸ்டிக் சட்டியை இதற்கு எடுக்கவேண்டாம். வெறுஞ்சூட்டில் அதன் பூச்சு கெட்டுப்போகும்.

ஆவியிலும் அவிக்கலாம். அலுமினியத் தாளால் இறுக்கி மூடி 40 நிமிடம். மேலே தோல் பிடிக்காது, வட்டிலப்பம் போல மெத்தென்று வரும். வீட்டிலுள்ள வயசானவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

கௌபி வாசம் போகவில்லை. பிள்ளைகள் ஒரு கடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். (திருக்கோவில்)

சூடாகக் கொடுத்திருப்பீர்கள். சூட்டில் பயறு வாசம் தூக்கலாக இருக்கும், மறுநாள் குளிராகச் சாப்பிட்டால் கொக்கோ முன்னுக்கு வரும். அவித்த நீரைத் துளியும் சேர்க்காதீர்கள். வாசத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. கொக்கோவை 60 கிராமுக்குக் கீழே குறைக்கவேண்டாம், உப்பை மறக்கவேண்டாம். கோப்பித்தூள் ஒரு தேக்கரண்டியை ஒரு மேசைக்கரண்டி சுடுநீரில் கரைத்து, வடித்துச் சேர்த்தால் கொக்கோவின் கசப்பு ஆழமாகும். கோப்பி என்று தனியாகத் தெரியாது. ஏலம், கறுவா போட்டு மறைக்கப் பார்ப்பது பலன் தராது, அவை கௌபி வாசத்தோடு சேர்ந்து பாயாசத்தை நினைவூட்டும்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம். சீனிக்குப் பதில் கித்துள் பாணியோ பேரீச்சம்பழமோ போட்டால் பயமில்லாமல் கொடுக்கலாமா? (காத்தான்குடி)

பயமில்லாமல் என்று சொல்லமுடியாது. கித்துள் பாணியும் சர்க்கரையும் (வெல்லம்) இரத்தத்தில் சீனிதான். பேரீச்சம்பழம் உங்கள் ஊருக்கு நெருக்கமானது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் காய்ந்த பழத்தின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனி. 150 கிராம் பழம் போட்டால் 100 கிராம் அளவு சீனி உள்ளே போகிறது.

கணக்கு இதுதான்: 120 கிராம் சீனி 16 துண்டுக்கு என்றால் ஒரு துண்டில் ஏழரை கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. சீனியை 80 கிராமாகக் குறைத்தால் துண்டுக்கு 5 கிராம். அதற்கும் கீழே போனால் கசப்பும் வரட்சியும் ஏறும். கோதுமை மாவுக்குப் பதில் கௌபி வருவதாலும் கொக்கோவின் நாராலும் சீனி ஏறும் வேகம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். உம்மாவுக்கு ஒரு சின்னத் துண்டு, சாப்பாட்டில் சோறைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. தேநீரோடு இடையிடையே வேண்டாம். சிறுநீரகத்திலும் பாதிப்பு இருந்தால் கொக்கோவிலும் பயறிலும் பொட்டாசியம் கூட என்பதால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

கொக்கோவுக்குப் பதில் மைலோ போடலாமா? (அக்கரைப்பற்று)

கூடாது. அதில் பால்மாவும் பார்லி மோல்ட்டும் சீனியும் இருக்கின்றன. பால், முட்டை எதுவும் சேராத வீகன் பண்டம் என்பதும் கெட்டது, குளூட்டன் (கோதுமை, பார்லியிலுள்ள புரதம்) இல்லாத பண்டம் என்பதும் கெட்டது, கொக்கோ ருசியும் வராது. கடைச் சொக்லேட், மாஜரின் வாங்கும்போதும் பொதியின் பின்புறம் பால் திண்மங்கள் என்று இருக்கிறதா பாருங்கள். கறுப்புச் சொக்லேட் என்ற பெயரிலேயே பால்மா சேர்த்தவை உண்டு. மேலே தூவ எதுவும் வேண்டுமென்றால் வறுத்த கஜுவோ கச்சானோ போடுங்கள். நம் பக்கத்துக் கஜு இருக்கும்போது சொக்லேட் துண்டைத் தேடி அலையத் தேவையில்லை.

கௌபி தவிர வேறென்ன பயறு சரிவரும்? (சம்மாந்துறை)

சிவப்புக் கௌபி முதல் தரம். வெள்ளைக் கௌபியில் வாசம் இன்னும் குறைவு, நிறம் கொஞ்சம் வெளிறும். கொண்டைக்கடலை சரிவரும், ஆனால் தோலைக் கசக்கி நீக்கவேண்டும். பாசிப்பயறு நீர் கூடப் பிடிக்கும். ஆளிவிதைத் தண்ணீரை 3 மேசைக்கரண்டியாகக் குறையுங்கள்.

உழுந்து வேண்டாம், பசைபோல இழுபடும். கொள்ளின் மணமும் சோயாவின் மணமும் கொக்கோவுக்கு அடங்காது.

கொழும்பிலிருந்து கிட்னி பீன்ஸோ கறுப்பு பீன்ஸோ ரின்னில் கிடைத்தால் 400 கிராம் ரின் ஒன்றை வடித்து அலசினால் ஏறத்தாழ 240 கிராம் வரும், அது போதும். காய்ந்த கிட்னி பீன்ஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் பச்சை விதையில் வயிற்றைப் புரட்டும் லெக்டின் நஞ்சு இருக்கிறது. குறைந்தது 5 மணித்தியாலம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவேண்டும். அதன் பிறகே மெதுவாக அவிக்கலாம். கொதிக்காத இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைப்பது நஞ்சைக் குறைக்காது, கூட்டவும் செய்யும்.

ஆளிவிதை எங்கள் கடைகளில் இல்லை. (பொத்துவில்)

நன்கு கனிந்த சின்னக் கதலிப்பழம் இரண்டை, உரித்து 90 கிராம் அளவு, மசித்துச் சேருங்கள். ஆளிவிதையையும் அதன் தண்ணீரையும் விட்டுவிடுங்கள், சீனியை 30 கிராம் குறையுங்கள். பிடிப்பு கொஞ்சம் குறையும், வாழைப்பழ ருசி தெரியும். பிடிப்புத்தான் முக்கியம் என்றால் வறுத்த அரிசிமா 2 மேசைக்கரண்டியும் சேருங்கள்.

ஆளிவிதை கிடைத்து, வீட்டில் குளூட்டன் ஒவ்வாதவர் இருந்தால் அதை மா மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்னே அரைத்த கோதுமை மெசினில் ஒட்டியிருக்கும். வீட்டு கிரைண்டரிலேயே பொடியுங்கள்.

மகன் கொழும்பில் படிக்கிறார். இரவு பஸ்ஸில் கொடுத்து அனுப்பினால் பழுதாகுமா? (கல்முனை)

சாதாரணமாகச் சுற்றி அனுப்பினால் பழுதாக இடமுண்டு. ஈரமும் புரதமும் உள்ள பண்டம், நம் வெக்கையில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. பிரிட்ஜில் 4 நாள் இருக்கும், பிரீசரில் இரண்டு மாதம்.

முதல் நாளே சுட்டு, இரவு பிரிட்ஜில் இறுகவிட்டு, காலையில் வெட்டுங்கள். கத்தியைச் சுடுநீரில் தோய்த்து, துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே செய்தால் ஓரம் உதிராது. துண்டுகளுக்கு நடுவே ஒயில் பேப்பர் வைத்து, கல்லாக உறையும்வரை, குறைந்தது 8 மணித்தியாலம் பிரீசரில் வையுங்கள். பஸ்ஸுக்குப் புறப்படும் நேரத்தில் எடுத்து, மூடி இறுகிய டப்பாவில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, டப்பாவின் மேலும் கீழும் ஐஸ் பை வைத்து, பழைய பத்திரிகைத் தாளால் நாலு சுற்றுச் சுற்றி, ரெஜிபோம் பெட்டியில் போடுங்கள். ஏசி பஸ் என்றால் பெட்டி இருக்கைக்குக் கீழே இருக்கட்டும், பின்னால் எஞ்சின் பக்கத்துச் சாமான் அறைக்குள் வேண்டாம். இறங்கியதும் டப்பாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: குளிராக இருந்தால் நேரே பிரிட்ஜுக்கு, மூன்று நாளுக்குள் சாப்பிடலாம். சூடேறி நசநசத்திருந்தால் சாப்பிடவேண்டாம்.