சித்தப்பா என்ற நண்பர்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் என் சித்தப்பா காலமானார். எண்பது வயதைத் தாண்டியவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். வேலையை விட்டதைக்கூட வீட்டில் சொல்வதற்கு முன் அவரிடம்தான் சொன்னேன். இப்போது எல்லோரும், "வயசானவர், படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார், இதற்குமேல் என்ன வேண்டும்" என்கிறார்கள். சித்தியும் பிள்ளைகளும் இருக்கும்போது நான் இவ்வளவு உடைந்துபோவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டு எனப் படித்தேன். நான் எதில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அவரைப் பற்றி ஒரு நினைவுக்குறிப்பு எழுதவும் முயன்றேன். எழுத எழுத யாரோ ஒரு மகான் வருகிறார், சித்தப்பா வரவில்லை. என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

அந்த ஐந்து படிகளை முதலில் முடித்துவிடுவோம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. இழந்து நிற்பவர்களுக்கும் அதையே பொருத்தியது பிறகு நடந்தது. துக்கம் படிப்படியாக ஏறி இறங்குவதில்லை. காலையில் சிரித்துப் பேசுவீர்கள், மதியம் அவரைப் போலவே யாரோ இருமும் சத்தம் கேட்டு ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். எந்தப் படி என்று தேட வேண்டாம்.

கூச்சம் பற்றி. சாவு வீட்டில் எல்லோருக்கும் ஒரு இடம் இருக்கிறது. மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று உறவு அதை முடிவு செய்துவிடுகிறது. நண்பனுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. நீங்கள் அண்ணன் பிள்ளையாகப் போய் நின்றீர்கள், அழுததோ நண்பராக. பார்ப்பவர்களுக்குக் கணக்கு இடித்திருக்கும், உங்களுக்கும் இடித்திருக்கிறது. சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் ஒரு நூலே தொகுத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் இழப்பையும் சுமந்து, அதை மறைக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் சாரம். "வயசானவர்தானே" என்று சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அவருடைய ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். உங்களோடு பேசிக்கொண்டிருந்த ஆள் இல்லாமல் போனதற்கு அந்தக் கணக்கு எப்படி ஆறுதலாகும்? பார்க்கப்போனால், அறுபது வயதில் போயிருந்தால் அவரோடு இத்தனை பேச்சு உங்களுக்கு வாய்த்திருக்குமா? நீண்ட பழக்கம், நீண்ட வலி.

ஒரு மூத்த உறவினர் நண்பராவது சுலபமில்லை. அதட்டும் உரிமையும் அறிவுரை சொல்லும் உரிமையும் அவருக்குப் பிறப்பிலேயே வந்துவிடுகின்றன. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, தன்னைவிடச் சின்னவர் சொல்வதைக் கேட்க அவராகவே உட்கார வேண்டும். வேலையை விட்டேன் என்று நீங்கள் சொன்னபோது அவர் என்ன சொன்னார்? கடிதத்தில் அது இல்லை. நினைவுக்குறிப்பை அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன்.

மகான் வருவதற்குக் காரணம், நீங்கள் எல்லோருக்கும் பொதுவான சித்தப்பாவை எழுதுவதுதான். கடமை தவறாதவர், யார் மனதும் நோகப் பேசாதவர் என்ற வரிகளை யார் பெயருக்குக் கீழேயும் போடலாம். அதை எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த நண்பரைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதியமான் இறந்தபோது ஔவை பாடியதைப் பாருங்கள், புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று தொடங்குகிறார். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்கிறார். போர்க்களமும் வேலும் பாட்டில் உண்டு, ஆனால் ஒரு அரசனின் கை எப்படி மணந்தது என்பதை அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்தானே சொல்ல முடியும்?

என் அம்மாவின் மாமா ஒருவர் எனக்கு அப்படி இருந்தார். சதுரங்கத்தில் தோற்கவே மாட்டார். அதாவது, என்னை ஜெயிக்க விடமாட்டார். ராணி போகப்போகிறது என்று தெரிந்ததும், "கை தவறி வெச்சுட்டேன்" என்று காயைத் திரும்ப எடுத்துக்கொள்வார், முகத்தில் ஒரு சலனம் இருக்காது. நான் அப்படி எடுத்தால் மட்டும் விதிகளை ஒன்றுவிடாமல் சொல்வார். தொலைபேசியில் விடைபெறும் பழக்கமே கிடையாது. சொல்ல வந்தது முடிந்ததும் "சரி" என்பார், வைத்துவிடுவார். பாதி வாக்கியத்தில் நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பேன். அவர் போனபின் நான் எழுதிய குறிப்பில் அவருடைய நேர்மையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. படித்த அவர் மகள் அந்தப் பத்தியைத் தாண்டிப்போய், "கை தவறி" வந்த இடத்தில் சிரித்துவிட்டு, அப்புறம் அழுதார். எனக்கு அந்த மதிப்புரை போதும்.

ஆகவே குறைகளை விட்டுவிடாதீர்கள். பழி தீர்க்கும் குறைகளைச் சொல்லவில்லை; பணத்தகராறு, பழைய சண்டையெல்லாம் இதில் வேண்டாம். ஆளை அடையாளம் காட்டும் குறைகள் போதும். அவர் சொன்ன கதைகளை அவருடைய வாக்கியங்களிலேயே எழுதுங்கள், இலக்கணம் பார்க்க வேண்டாம். எது உண்மையில் நடந்தது, எது அவர் கட்டிவிட்டது என்று விசாரிக்கவும் வேண்டாம். எழுதியதை முதலில் சித்தியிடம் காட்டுங்கள். "அப்படியெல்லாம் இல்லை" என்று அவர் மறுத்தால் அவர் சொல்வதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒன்று மட்டும் அவசரம். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் வாட்ஸப்பில் இருந்தால் இந்த வாரமே எடுத்து வேறு இரண்டு இடங்களில் சேமியுங்கள். கைபேசி மாற்றும்போது இவைதான் முதலில் தொலைகின்றன. இப்போதே கேட்க வேண்டும் என்றில்லை.