பொன்ஜூர் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள்

கேள்வி: நானும் மனைவியும் செப்டம்பர் கடைசியில் பத்து நாள் பிரான்ஸ் போகிறோம். பாரிஸில் ஆறு நாள், லியோனில் நான்கு நாள். விசா, விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள், ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்ல மாட்டார்கள் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். எங்களுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இருவரும் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். எப்படித் தயாராவது? வீட்டில் இட்லிப்பொடி, நெய் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: அந்தத் 'திமிர்' முக்கால்வாசி 'பொன்ஜூர்' (வணக்கம்) என்ற ஒரே ஒரு சொல்லை நாம் விழுங்கிவிடுவதால் வருவது. முதல் முறை போனபோது எனக்கும் நடந்தது. ஒரு சின்ன ஊர் ரயில் நிலையத்தில் கவுன்டருக்கு நேரே போய், "டூ டிக்கெட்ஸ் ப்ளீஸ்" என்றேன். உள்ளே இருந்த அம்மாள் நிமிர்ந்து, "பொன்ஜூர், மெஸ்யே" என்று நிறுத்திச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். நான் மறுபடியும் டிக்கெட் கேட்டேன். அவரும் மறுபடியும் பொன்ஜூர் சொன்னார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. பதிலுக்கு நானும் பொன்ஜூர் சொன்னேன்; டிக்கெட் வந்தது, எந்த நடைமேடை என்ற விவரமும் நல்ல ஆங்கிலத்திலேயே வந்தது.

நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் 'வாங்க' என்ற பிறகுதானே மற்ற பேச்சு? அந்தச் சொல் வராவிட்டால் வந்தவர் முகம் சுருங்கிவிடும். அங்கே கடை என்பது கடைக்காரரின் வீடு மாதிரி. ஆனால் முதல் சொல்லை நுழைகிறவர்தான் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பஸ் டிரைவர், லிஃப்டில் ஏறுகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். பொன்ஜூர் சொல்லி, அவர் பதில் சொல்லும்வரை ஒரு நொடி பொறுங்கள். அப்புறம் 'பார்லே வூ ஆங்லே?' (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேளுங்கள். இந்த வரிசை தவறாமல் இருந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே காரியம் முடிந்துவிடும். பொழுது சாய்ந்த பின் 'பொன்சுவார்' (மாலை வணக்கம்). கிளம்பும்போது எதுவும் வாங்காவிட்டாலும் 'மெர்சி, ஓ ருவார்' (நன்றி, போய் வருகிறேன்). யாரிடமும் 'வூ'தான், அது நம் 'நீங்கள்'. 'ட்யூ' என்பது 'நீ'. இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, இங்கிலாந்துக்காரர்கள்தான் பாவம்.

இன்னொன்று, குரல். ரயிலிலும் ஓட்டலிலும் அடுத்த மேஜைக்குக் கேட்காதபடிதான் பேசுவார்கள். ஊரிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தால், ஸ்பீக்கரில் போடாமல் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் 'என்ன' என்பதைவிட 'எப்போது' என்பதுதான் பெரிய சிக்கல். ராத்திரி பதினோரு மணிக்கும் சுடச்சுட இட்லி கிடைக்கும் ஊரிலிருந்து போகிறீர்கள். அங்கே மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை, ராத்திரி ஏழு, ஏழரைக்கு மேல். நடுவில் பல இடங்களில் அடுப்பே எரியாது. மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றுவிட்டு, விரட்டிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. 'செர்வீஸ் கொன்தினியு' என்று பலகை இருந்தால் இடைவிடாமல் சமைக்கிறார்கள் என்று பொருள். இல்லையென்றால் ரொட்டிக்கடைதான் கைகொடுக்கும்.

உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்பார்கள், அதற்குக் காசு. 'யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே' என்றால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும். சாப்பிடுகிறவர்களுக்கு அது இலவசம். 'மெனு' என்பது அங்கே நம் 'மீல்ஸ்' மாதிரி விலை நிர்ணயித்த முழுச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் 'கார்த்' கேளுங்கள். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். அலட்சியம் இல்லை, எழுந்து போங்கள் என்று சொல்லாமல் சொல்வதாக ஆகிவிடும் என்பதுதான் காரணம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. வெறும் 'கஃபே' கேட்டால் ஒரு மடக்குக் கருப்புக் காபிதான் வரும்; பால் வேண்டுமானால் 'கஃபே க்ரெம்'.

சைவம் விஷயத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி நம்பிவிடாதீர்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. சாலட்டில் லார்தோன் என்ற பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும், வெங்காய சூப்பின் அடியில் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு இருக்கும். 'இறைச்சி, மீன், அவற்றின் சாறு எதுவும் வேண்டாம். முட்டை, பால் சரி' என்று பிரெஞ்சில் எழுதிய சீட்டு ஒன்றை இருவரும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாலாடைக் கட்டியிலும் பலவற்றைக் கன்றின் வயிற்று நொதியை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அதுவரை பார்ப்பீர்களா என்பது உங்கள் முடிவு.

பாரிஸில் நாக்கு ஏங்கினால் கார் த்யு நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதிக்குப் போங்கள். ஈழத் தமிழர்களின் கடைகள், தமிழ்ப் பலகைகள், தோசை எல்லாம் இருக்கின்றன. லியோனில்தான் கவனம் வேண்டும். அந்த ஊரின் பெருமையே 'பூஷோன்' எனப்படும் பழைய பாணி உணவகங்கள். குடல், பன்றிக் கறி இல்லாமல் அவற்றுக்குப் பெயரே இல்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு, லெபனான் கடையில் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை மாதிரி) சாப்பிடுங்கள்.

லியோன் என்றதும் ஒரு எச்சரிக்கை: 'கார் த லியோன்' என்ற ரயில் நிலையம் இருப்பது பாரிஸில். லியோனுக்குப் போகும் அதிவேக ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் லியோன் பார் தியூ நிலையத்தில் இறங்குவீர்கள். டிக்கெட்டை இப்போதே எடுங்கள், தள்ளிப்போட்டால் பெரும்பாலும் விலை ஏறும். பாரிஸ் மெட்ரோவுக்கு 'நவிகோ ஈஸி' அட்டை ஆளுக்கு ஒன்று. ஒரே அட்டையில் இருவர் போனால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பழமும் பாலும் வாங்கி வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு 112. நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, எடுத்து வைத்த பொருட்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் அதில் அடக்கம். சுங்கத்தில் பிடித்தால் குப்பைத் தொட்டிதான். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், எனவே அவற்றையும் விட்டுவிடுங்கள். இட்லிப்பொடி போகட்டும், கடையில் விற்கும் சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் என்னவென்று காட்டச் சுலபம். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் லா ஷப்பெல்லிலேயே கிடைக்கும்.