சாயங்காலம் ஆனால் பிள்ளை அழுகிறாள், பால் போதவில்லை என்கிறார் அத்தை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. முதல் குழந்தை, பெண். பிறந்து 75 நாள் ஆகிறது. பிறந்தபோது 2 கிலோ 800 கிராம். போன வாரம் 10-வது வாரத் தடுப்பூசி போட்டபோது 4 கிலோ 700 இருந்தாள். இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம். தினமும் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது வரை ஒரே அழுகை. “உனக்குப் பால் பத்தலை, அதான் பிள்ளை ஏங்குது” என்று அத்தை பால்பவுடர் டப்பா வாங்கி வைத்துவிட்டார். தாகத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி, உரம் விழுந்திருக்கும், சேலையில் போட்டு உருட்டினால் சரியாகும் என்கிறார். எனக்கும் மார்பு முன்பு போல் கட்டுவதில்லை. பம்ப் வைத்துப் பார்த்தால் அரை சங்குதான் வருகிறது. கணவருக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. தூக்கம் கெடும் என்று ஹாலில் படுத்துக்கொள்கிறார். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருகிறேன். அத்தை நல்லவர்தான், சண்டை போட மனமில்லை. பேசாமல் அம்மா வீட்டுக்கே போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், ராஜபாளையம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு, முதலில் ஒன்று. அந்த டப்பாவைப் பிரிக்க வேண்டாம். உங்களிடம் பால் இருக்கிறது. அதற்கான சாட்சியை உங்கள் கடிதத்தின் முதல் நாலு வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதற்கப்புறம் முதல் மூன்று மாதமும் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. உங்கள் மகள் 10 வாரத்தில் 1 கிலோ 900 கிராம் ஏறியிருக்கிறாள். அத்தனையும் உங்கள் பாலில் ஏறியது. தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடு வரைகிற பக்கம் இருக்கும். அதில் புள்ளி வைத்துப் பாருங்கள், பச்சைப் பட்டைக்குள் வரும். பால் போதாத பிள்ளைக்கு எடை இப்படி ஏறாது.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க டயப்பர் போடாமல் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், துணியில் மஞ்சள் கறை ஏறாமல் வெளிறிய நிறத்தில் இருந்தால் வயிற்றுக்குப் போதுமான பால் போகிறது. டயப்பரில் இது தெரியாது, எத்தனை முறை போனாலும் உறிஞ்சிக்கொண்டு ஒன்று போலத்தான் இருக்கும். அத்தையையே எண்ணச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மார்பு முன்பு போல் கட்டுவதில்லை என்று பயப்படுகிறீர்கள். ஆறு வாரத்துக்கு மேல் அப்படித்தான் ஆகும். ஆரம்பத்தில் எவ்வளவு தேவை என்று உடம்புக்குத் தெரியாது, அதிகமாகச் சுரந்து கட்டிக்கொள்ளும். பிள்ளை குடிக்கும் அளவு பிடிபட்டதும் குடிக்கக் குடிக்கச் சுரக்க ஆரம்பிக்கும், மார்பு மெத்தென்று ஆகிவிடும். பம்பை வைத்தும் அளக்காதீர்கள். குழந்தையின் வாய் இழுப்பது போல எந்தப் பம்பும் இழுக்காது. பால் இறங்குவதற்கு மனமும் அமைதியாக இருக்க வேண்டும். பின்னால் ஒருவர் நின்று எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு இறங்கும்?

அப்படியானால் சாயங்காலம் ஏன் அழுகிறாள்? நன்றாகப் பால் குடித்து நன்றாக எடை ஏறுகிற குழந்தைகளும் அந்த நேரத்தில் அழுவார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். காரணம் இதுதான் என்று மருத்துவம் இன்னும் ஒன்றைச் சுட்டிச் சொல்லவில்லை. உங்கள் மகள் உச்சத்தைத் தாண்டி இறங்குகிற கட்டத்தில் இருக்கிறாள். அந்த மூன்று மணி நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை பால் கேட்டாலும் கொடுங்கள். ராத்திரி நீளத் தூங்குவதற்கு முன் பல குழந்தைகள் அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் குடிக்கும். குடித்த பத்தாவது நிமிடம் மறுபடி வாயைத் திறப்பதைப் பார்த்துத்தான் “பால் பத்தலை” என்ற பேச்சு முக்கால்வாசி வீடுகளில் கிளம்புகிறது.

அந்த டப்பாவை வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இன்று சாயங்காலம் ஒரு பாட்டில் கொடுத்தால் பிள்ளை அடங்கி நாலு மணி நேரம் தூங்கக்கூடும். பவுடர் பால் செரிக்க நேரமாகும். “பார்த்தியா, நான் சொன்னேனே” என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த நாலு மணி நேரம் பிள்ளை உங்கள் மார்பில் குடிக்கவில்லை. குடிக்காத பாலை உடம்பு அடுத்த நாள் குறைத்துச் சுரக்கும். குறைந்தால் பிள்ளை மறுபடி அழும், இரண்டாவது பாட்டில் வரும். ஒரு மாதத்தில் நிஜமாகவே பால் போதாமல் ஆகிவிடும். அப்போதும் பழி உங்கள் மேல்தான் விழும். தாய்சேய் நல வேலையில் நான் இருந்த காலம் முழுக்க, பால் வற்றிவிட்டது என்று வந்த பெண்களிடம் எப்போது முதல் பாட்டில் கொடுத்தீர்கள் என்று கேட்டால், கதை அநேகமாக இந்த வழியில்தான் போகும். தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகத்தை டப்பாவில் அச்சிட வேண்டும் என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது, நேரம் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். பால்பவுடர் தேவைப்படுகிற தாய்மார்களும் இருக்கிறார்கள், டாக்டர் சொல்லி அவர்கள் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. உங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர், கிரைப் வாட்டர், தேன், உரைமருந்து எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் நம் அரசும் சொல்வது. டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. ராஜபாளையம் வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பைத் துவளச் செய்யும் நோயைக் கொண்டுவரலாம். அதனால் நாக்கில் தடவுவதற்குக்கூட வேண்டாம்.

உரம், அதாவது தசைப்பிடிப்பு என்று சொல்லி உருட்டுகிற விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் கழுத்து இன்னும் முழுதாக நிற்காது. சேலையில் போட்டு உருட்டும்போது தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டால் மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும். பாட்டி அன்பில்தான் சொல்கிறார், ஆனால் பிள்ளையை அவர் கையில் அதற்காகக் கொடுக்க வேண்டாம். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கக் கூப்பிட்டாலும் இதே பதில்தான்.

சரி, அத்தை விஷயம். நீங்களே நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பேத்தி சம்பந்தி வீட்டில் இருந்திருக்கிறாள். இப்போது வீட்டுக்கு வந்தும், பசித்தால் அம்மா, அழுதால் அம்மா என்று எல்லாம் உங்களிடமே போகிறது. தன் கையால் பேத்திக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கும். வாயில் கொடுப்பதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அவரிடம் கொடுங்கள். குளிப்பாட்டுவது அவர் வேலை என்று ஆக்கிவிடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்த்து, திருப்பிப் போட்டுக் கை கால் நீவிவிடுவதில் பெரியவர்களுக்கு இருக்கிற லாகவம் நமக்கு வர நாளாகும். “அத்தை, எனக்குப் பயமா இருக்கு, நீங்களே ஊத்துங்க, நான் தண்ணி எடுத்துத் தாரேன்” என்று சொல்லிப் பாருங்கள். அங்கேயும் இரண்டு விஷயத்தை மட்டும் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் ஆகிவிடக்கூடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மை இட ஆசைப்பட்டால் கண்ணை விட்டு உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கட்டும், திருஷ்டிக்கு அது போதும்.

“டாக்டர் வேண்டாம்னு சொன்னாங்க” என்று நீங்கள் போய்ச் சொன்னால் அது மருமகள் பேச்சாகத்தான் காதில் விழும். 14-வது வார ஊசி வருகிறது இல்லையா, அதற்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் புதன்கிழமை. பிள்ளையை எடை போடும்போது அத்தை பக்கத்தில் நிற்கட்டும். நர்ஸம்மாவிடம், “இவளுக்குப் பால் போதுதாம்மா?” என்று அத்தையையே கேட்க வையுங்கள். ஈரத்துணி எண்ணச் சொன்னதும் இதற்காகத்தான். தானே எண்ணி, தானே கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தெருவில் நாலு பேரிடம் அவரே சொல்வார்.

அடுத்து உங்கள் கணவர். இந்தப் பத்தியை அப்படியே அவர் கையில் கொடுங்கள். தம்பி, ஷிப்ட் வேலை உடம்பைக் கொல்லும், தூக்கம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மனைவியும் 75 நாளாக நைட் ஷிப்டில்தான் இருக்கிறாள், அவளுக்கு வார லீவும் கிடையாது. பகல் ஷிப்ட் வாரத்தில் இரண்டு மணிக்கு வந்து தூங்கி எழுந்துவிட்டு, ஆறிலிருந்து ஒன்பது வரை, பால் குடிக்கிற நேரம் போக, பிள்ளை உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு முன்கையில் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, அவள் கன்னம் உங்கள் முழங்கை மடிப்பில் இருக்கும்படி பிடித்து, மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டே வாசலில் நடங்கள். வயிறு உங்கள் கைச்சூட்டில் படும், பல குழந்தைகள் இதில் அடங்கும். மாலை ஷிப்ட் வாரத்தில் பத்தரைக்கு வந்து சாப்பிட்டதும், ஒரு மணி வரை பிள்ளை உங்கள் பொறுப்பு. பசித்து எழுந்தால் துணி மாற்றி மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரை தட்டுங்கள், மல்லாக்கப் படுக்கவையுங்கள். அவள் கண்ணைத் திறக்காமல் பால் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கட்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் நீங்கள் தூங்குங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அப்புறம், “பால் பத்தலை” என்று உங்கள் அம்மா சொல்கிறபோது பேசாமல் இருக்காதீர்கள். “எடை நல்லா ஏறியிருக்கும்மா, டப்பா வேண்டாம்” என்று மகன் வாயிலிருந்து வரட்டும். இந்த வீட்டுக்கு அவள் புதிது, நீங்கள் புதிதல்ல.

தங்கையே, பாத்ரூமில் போய் அழுகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் திரும்பத் திரும்ப மனதில் நிற்கிறது. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டரை மாதத்திலும் வந்தால் கவனிக்க வேண்டும். தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிற களைப்பா, அல்லது பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், நான் நல்ல அம்மா இல்லை என்று ஓடிக்கொண்டே இருக்கிறதா? இரண்டாவது என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரசு சுகாதார உதவி எண்ணான 104-க்கோ, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-க்கோ கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அழுகை என்றால் எல்லாமே சாதாரணம் என்றும் இருந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க மறுப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், வழக்கமில்லாத கீச்சுக் குரலில் ஓயாத அழுகை, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். நாலு நாள் தூங்கி எழுந்து வரத் தாராளமாகப் போங்கள், அத்தையிடமும் அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். கோபித்துக்கொண்டு மட்டும் கிளம்ப வேண்டாம். பிள்ளையோடு திரும்பி வரும்போது எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், உங்கள் அம்மாவை ஒரு வாரம் இங்கே வரச் சொல்வது இன்னும் நல்லது. இரண்டு பாட்டிகளும் பிள்ளையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.