தீவுக் கடலில் பேடில் போர்டு: யாருக்கு எந்தக் கரை?

வெப்பமண்டலத் தீவுக்குப் போனால் எந்தக் கரையில் பேடில் போர்டு (நின்றுகொண்டு துடுப்பு போடும் பலகை) எடுக்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் முறை ஏறப் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆழ்கடலில் காற்றோடு ஓட ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கரை எளிதா கடினமா என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அன்றைய காற்றையும் நீங்கள் இறங்கும் நேரத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். பதில்களில் இது பல தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதுவரை பலகையில் ஏறியதே இல்லை. நீச்சல் ஓரளவு தெரியும். தீவில் எந்தப் பக்கம் தங்கினால் நல்லது?

காற்று மறைவான பக்கம். வெப்பமண்டலத்தில் பெரும்பாலான தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்துதான் காற்று வரும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே என்றால் வடகிழக்கு, தெற்கே என்றால் தென்கிழக்கு. அதனால் கிழக்குக் கரை கொந்தளிக்கும்போது மேற்குக் கரை அமைதியாகக் கிடக்கும். பார்படாஸில் கிழக்கே பாத்ஷீபா பக்கம் பெரிய அலைகள் உடையும், மேற்குக் கரையில் கடல் தட்டையாக இருக்கும். மொரீஷியஸிலும் அப்படித்தான்: தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் நிம்மதி.

அந்தப் பக்கத்திலேயே மணல் தரை உள்ள, இடுப்பளவு முதல் நெஞ்சளவு வரை ஆழம் உள்ள இடமாகப் பாருங்கள். கரைக்கு இணையாக 200 மீட்டர் தூரம் போய்வர இடம் இருந்தால் முதல் நாளுக்கு அதுவே தாராளம். படகுகள் வந்து போகும் வழியாக இருக்கக் கூடாது. விழுவீர்கள். அதனால் விழுந்தால் வலிக்காத தரைதான் முக்கியம்.

கேள்வி: போன விடுமுறையில் நீங்கள் சொல்வது போன்ற அமைதியான கரையில்தான் இறங்கினேன். கால் மணி நேரத்தில் கரை எங்கேயோ போய்விட்டது. துடுப்பு போட்டும் திரும்ப முடியாமல் ஒரு படகுதான் இழுத்து வந்தது. நீர் அவ்வளவு தட்டையாக இருந்ததே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் புதியவர்களுக்கு நேரும் ஆபத்துகளில் இதுதான் கண்ணுக்குத் தெரியாமல் வருவது.

காற்று மறைவுப் பக்கத்தில் காற்று நிலத்தைத் தாண்டிக் கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலை எழுப்ப அதற்குத் தூரம் போதாது, அதனால்தான் அங்கே நீர் வழுவழுப்பாகத் தெரிகிறது. கூடவே மரங்களும் கட்டடங்களும் மறைக்கின்றன. 100 மீட்டர் தாண்டியதும் மறைவு போய்விடும். நிமிர்ந்து நிற்கும் உங்கள் உடம்பு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொள்ளும்.

இறங்கும் முன் காலடியில் உள்ள நீரைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். அங்கே நீர் கருத்துச் சுருக்கம் விழுந்தோ, வெள்ளை நுரை தெரிந்தோ இருந்தால், காற்றும் உங்கள் முதுகிலிருந்து கடல் பக்கம் அடித்தால், அன்றைக்கு அந்தக் கரை புதியவருக்கு இல்லை. காற்று கரையை ஒட்டி வீசும் இன்னொரு மூலையைத் தேடுங்கள். காற்றுக்கு எதிராகப் போய், காற்றோடு திரும்புவதுதான் எல்லா நிலையிலும் நல்ல பழக்கம்.

மாட்டிக்கொண்டால் உடனே மண்டியிடுங்கள். போதவில்லையா, குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கு அடியில் செருகிக்கொண்டு கையால் தள்ளுங்கள். நேராகக் கரைக்கு வர முடியாவிட்டால் சாய்வாக வாருங்கள். பலகையை விட்டுவிட்டு மட்டும் நீந்தக் கிளம்பாதீர்கள். மிதக்கிற பெரிய பொருள் அதுதான், தேடுகிறவர்களுக்குத் தெரிவதும் அதுதான்.

கேள்வி: காற்று எத்தனை நாட் இருந்தால் யாருக்குச் சரி? ஆப்பில் எண்ணைப் பார்த்தால் புரியவில்லை.

ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர். என் கணக்கு இது: புதியவர்களுக்கு 8 நாட்டுக்குள், ஓரளவு பழகியவர்களுக்கு 12 வரை. 15-ஐத் தாண்டினால் அனுபவசாலிகளுக்கு மட்டும். சராசரி வேகத்தோடு, இடையில் வரும் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். சராசரி 9, வீச்சு 18 என்று இருந்தால் அதை 18 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப் இல்லையா? கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் 10 நாட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், காலையிலேயே இறங்குங்கள். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் கடல்காற்று கிளம்பும். காலை 7 மணிக்குக் குழந்தைக்கும் ஏற்ற கரை, பிற்பகல் 2 மணிக்கு உங்களுக்கே அதிகமாகிவிடலாம்.

கேள்வி: 8 வயது மகளை அழைத்துப் போகலாமா, அக்கா?

தாராளமாக. அவள் முதலில் உங்கள் பலகையின் முன்பக்கம் உட்கார்ந்து வரட்டும். லைஃப் ஜாக்கெட் பலகையில் கட்டிவைக்க அல்ல, உடம்பில் போட. அலையே வராத குடாவும் உங்களால் நிற்க முடிகிற ஆழமும் போதும். தனிப் பலகை வேண்டும் என்று கேட்டால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்கள் நீரில் நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: சுற்றிலும் பவளத் திட்டு இருக்கிற லகூன் (திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம்தானே?

பவளத் திட்டு அலையைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் வெளியே உடையும் அலை ஒவ்வொன்றும் திட்டின் மேலாகக் கொஞ்சம் நீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நீர் எங்கேயாவது வெளியே போக வேண்டும் இல்லையா? திட்டில் இருக்கும் திறப்பு வழியாகத்தான் போகும். படகுகளும் அதே வழியில்தான் போகும். டஹீட்டியில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டர்கூட இருக்காது. அப்படியும் வெளியே அலை பெரிதாக இருக்கும் நாளில் திறப்பில் நீர் ஆறு போல வெளியே ஓடும். கடல் ஏறும் நேரம்தானே என்று நினைத்து அங்கே போகக் கூடாது.

ஏற்ற வற்றம் அதிகமுள்ள தீவுகளில் இன்னொரு கணக்கும் சேரும். ஒரு வற்றம் சுமார் 6 மணி நேரம் என்றால், நடுவில் வரும் 2 மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் நகர்ந்துவிடும். இழுப்பு அப்போதுதான் உச்சம். திறப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது: வெள்ளையாக அலை உடையும் கோட்டில் ஓரிடம் மட்டும் உடையாமல், அடர்நீலமாக இருக்கும். புதியவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் போவார்கள். அதிலிருந்து குறைந்தது சில நூறு மீட்டர் தள்ளியே இருங்கள்.

வற்றம் முழுதாக இருக்கும்போது பவளம் மேலே வந்துவிடும். பலகையின் அடியில் இருக்கும் 9 அங்குல ஃபின் (மீன் செதில் போன்ற தகடு) அதில் மாட்டினால் பலகை சட்டென்று நிற்கும், நீங்கள் முன்னால் பறப்பீர்கள். குட்டை ஃபின் மாட்டுங்கள், இல்லாவிட்டால் நீர் ஏறி வரும்வரை காத்திருங்கள். ஆழம் குறைந்த இடத்தில் காலை ஊன்றிக் குதிக்காமல், உடம்பைப் பரப்பி நீர்மேல் தட்டையாக விழப் பழகுங்கள். பவளத்தின் மேல் நிற்கவே வேண்டாம். அது உயிர், வளர ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: நாங்கள் போன வாரம் முழுக்கக் காற்று. கடலில் இறங்கவே முடியவில்லை. மாற்று வழி உண்டா?

ஆறும் சதுப்பு மரக்காட்டு ஓடைகளும். ஹவாயின் கவாய் தீவில் வைலுவா, ஹனலேய் ஆறுகளில் புதியவர்களும் நிதானமாகத் துடுப்பு போடுவார்கள். கழிமுக ஓடைகளில் ஏற்றத்தோடு உள்ளே போய், வற்றம் தொடங்கியதும் திரும்பினால் கை வலிக்காது.

கவனிக்க வேண்டியவை உண்டு. மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். நீர் கலங்கத் தொடங்கினால் உடனே ஏறிவிடுங்கள். ஓடும் நீரில் உங்களைப் பலகையோடு இணைக்கும் கயிற்றைக் கணுக்காலில் கட்டாதீர்கள். கிளையில் சிக்கினால் நீரோட்டம் உங்களை அமுக்கிவிடும், கணுக்கால் கட்டைக் கழற்றக் கை எட்டாது. இழுத்தால் உடனே கழன்றுவிடும் இடுப்புப் பட்டைதான் வேண்டும். உடம்பில் புண் இருந்தால் நன்னீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படி வரலாம். சில தீவுகளின் கழிமுகங்களில் முதலை உண்டு, ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: நிற்கிறேன், திரும்புகிறேன், விழுவது குறைந்துவிட்டது. சின்ன அலையில் ஏறிப் பார்க்க எப்படிப்பட்ட இடம் தேட வேண்டும்?

முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். மெல்லச் சரியும் மணல் தரையில் அலை தூரத்திலேயே உடைந்து, நிதானமாக உருண்டு வரும். அதுதான் உங்களுக்கு. கரையிலேயே படாரென்று அறையும் அலை பார்க்கச் சிறிதாக இருந்தாலும் வேண்டாம், பலகையும் முதுகும் சேர்ந்து உடையும்.

இறங்கும் முன் 20 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். 5 நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினால் அடுத்த கூட்டம் நீங்கள் நடுவில் இருக்கும்போது வரும். முன்னறிவிப்பில் உயரத்தோடு இரண்டு அலைக்கு இடையே உள்ள நொடிகளையும் படியுங்கள். 6 நொடியில் வரும் ஒரு மீட்டர் அலையும் 14 நொடியில் வரும் ஒரு மீட்டர் அலையும் ஒன்றல்ல, இரண்டாவதற்கு வலு மிக அதிகம்.

ஹவாயின் ஓஆஹு தீவில் உள்ள வைகிகி அலை மென்மையானது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் கூட்டம். உங்கள் பலகை பெரியது, கட்டுப்பாடு குறைவு, அடுத்தவர் தலை அருகில். ஆள் குறைவான ஓரத்துக்கு நகர்ந்து பழகுங்கள். நின்றுகொண்டே வெகு தூரத்திலிருந்து அலையைப் பிடிக்க முடியும் என்பதற்காக எல்லா அலையையும் நாமே எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை.

கேள்வி: ஒரே கரை எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. கவாய் தீவின் ஹனலேய் குடா கோடையில் ஏரி போல இருக்கும், குளிர்காலத்தில் வடபசிபிக் புயல்களின் அலை வந்து கைதேர்ந்தவர்கள் மட்டும் இறங்கும் இடமாகிவிடும். இலங்கையில் பருவக்காற்றே கரையை மாற்றிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை வெலிகம, உனவட்டுன போன்ற தெற்கு, தென்மேற்குக் கரைகள். மே முதல் செப்டம்பர் வரை கிழக்கே பாசிக்குடா, அங்கே வெகுதூரம் ஆழமே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் கிழக்குக் கரையில் அது கடலை நோக்கித்தான் வீசும். இரண்டாவது கேள்விக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். காலையில் இறங்குங்கள், கரையை ஒட்டியே இருங்கள்.

இன்னொரு குறுக்குவழி: இலங்கையின் கற்பிட்டி போலக் காற்றாடிச் சறுக்குக்கு (காற்றாடி இழுக்கப் பலகையில் சறுக்குவது) பேர்போன இடம் என்றால், அந்தப் பருவத்தில் அது புதிய பேடில் போர்டுக்காரர்களுக்கான இடம் இல்லை.

கேள்வி: காற்றையும் அலையையும் பின்னால் வாங்கிக்கொண்டு நீண்ட தூரம் ஓட வேண்டும். எப்போது தயார் என்று தெரிந்துகொள்வது?

ஹவாயின் மாவி தீவில் மாலிகோ பள்ளத்தாக்கிலிருந்து கஹுலுயி துறைமுகம் வரை ஓடுவது இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது, சுமார் 15 கிலோமீட்டர். அங்கேயே மொலொகாய் தீவிலிருந்து ஓஆஹு தீவு வரை 32 மைல் கடக்கும் போட்டியும் உண்டு. அங்கே போகும் முன் என் சோதனை: 15 நாட் காற்றில் விழுந்து மறுபடி ஏற எத்தனை நொடி ஆகிறது, மண்டியிட்டபடி ஒரு கிலோமீட்டர் காற்றுக்கு எதிராகப் போக முடிகிறதா, துறைமுக வாய்க்குள் நுழையும் கோணம் உங்களுக்குத் தெரியுமா? பாதியில் கரையேற முடியாத பாறைக்கரை என்றால் முதல் தடவை அந்தப் பாதை தெரிந்தவரோடுதான். முதலில் 3 கிலோமீட்டர், நடுவில் இரண்டு இடத்தில் மணற்கரை உள்ள பாதையாக எடுங்கள்.

கேள்வி: ஓஆஹுவின் தெற்குக் கரைக்குப் போகிறோம். ஜெல்லிமீன் பயம் உண்டா?

உண்டு. பெட்டி ஜெல்லிமீன்கள் பௌர்ணமிக்கு 8 முதல் 10 நாள் கழித்து அந்தப் பக்கம் கரைக்கு வரும். தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள், அன்றைய எச்சரிக்கைப் பலகையையும் உயிர்காப்பாளரையும் கேளுங்கள். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் அது உதவும்.

கேள்வி: தனியாகப் போவது உண்டு. காற்றடைத்த பலகைதான் வைத்திருக்கிறேன். வேறென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

நீர் புகாத பையில் போன், கழுத்தில் விசில், குடிக்கத் தண்ணீர். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு ஏறுவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். காற்றடைத்த பலகையை வெயில் மணலில் போட்டுவைக்காதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறித் தையல் விட்டுவிடும். கரையில் நிறுத்துவதாக இருந்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, நிழலில் வையுங்கள். மறுபடி இறங்கும் முன் அழுத்தத்தைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். தொய்ந்த பலகை நடுவில் வளையும், அதில் காற்றுக்கு எதிராகத் திரும்பி வருவது பெரும்பாடு.