நிறைந்தது டிஸ்க் அல்ல, அனுமதிப் பட்டியல்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். லினக்ஸ் சர்வரில் ஆர்டர் ஃபோல்டருக்கு ஆள் ஆளாகப் பெயர் போட்டு அனுமதி கொடுத்து வந்தோம். இப்போது புது மெர்ச்சண்டைசரைச் சேர்த்தால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ (டிஸ்கில் இடமில்லை) என்கிறது. டிஸ்கில் பாதி காலி. சர்வீஸ்காரர் புது டிஸ்க் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். அதே டிஸ்கில் வேறொரு ஃபோல்டரில் புது ஃபைல் ஒன்றைச் சேமித்துப் பாருங்கள். சேமிக்க முடிந்தால் டிஸ்கில் குறையில்லை. ஃபோல்டரோடு ஒட்டியிருக்கும் அனுமதிப் பட்டியல்தான் நிறைந்திருக்கிறது.

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்று இஎக்ஸ்டி4. அந்த வகையில் இந்தப் பட்டியலுக்குப் பொதுவாக ஒரே ஒரு 4 கேபி கட்டம்தான். பெயருக்கு 8 பைட்; ஏறத்தாழ 500 பெயர் பிடிக்கும். புது ஃபைல்களுக்கான ‘டீஃபால்ட்’ பட்டியலும் அதிலேயே உட்கார்ந்தால் சுமார் 250. எத்தனை டிபி டிஸ்க் வாங்கினாலும் இந்தக் கட்டம் வளராது. இரண்டு வேறு கோளாறுக்கும் ஒரே செய்தியைக் காட்டுகிற சிஸ்டத்தை என்ன சொல்வது? அதைக் காட்டியே டிஸ்க் விற்கிறார்கள்.

“எங்களிடம் அத்தனை பேர் இல்லையே” என்பீர்கள். அனுமதிப் பட்டியலைக் காட்டும் ‘கெட்ஃபேக்ல்’ கட்டளை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயருக்குப் பதில் 1043 என்பதுபோல வெறும் எண்கள் வரும். எல்லாம் வேலையை விட்டுப் போனவர்கள். அவர்களுடைய லாகின் கணக்கை அழித்தாலும் எண் பட்டியலில் நிற்கும். நாளை அதே எண் புதிதாகச் சேர்பவருக்குக் கிடைத்தால், பழையவர் பார்த்த பையர் விலையெல்லாம் இவருக்கும் திறந்துவிடும். திருப்பூரில் ஆள் மாறுகிற வேகத்துக்கு இது பெரிய ஆபத்து. முதலில் அவற்றை நீக்குங்கள், டீஃபால்ட் பட்டியலிலும் சேர்த்து.

அப்புறம் மெர்ச்சண்டைசிங், கட்டிங், கணக்கு என நான்கைந்து குரூப் போட்டு, ஆள் பெயருக்குப் பதில் குரூப்புக்கே அனுமதி கொடுங்கள். இனி ஆளைச் சேர்ப்பதும் எடுப்பதும் குரூப்பில்தான். சேர்த்தவர் ஒருமுறை வெளியேறி மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

புது டிஸ்க் தேவைப்படக்கூடிய இடம் ஒன்று உண்டு: இஎக்ஸ்டி4-க்குப் பதில் பழைய எக்ஸ்எஃப்எஸ் வகை இருந்தால். அதில் ஒரு பட்டியலுக்கு 25 பதிவுதான். புதிய வடிவத்தில் 5,000-க்கும் மேல். ‘எக்ஸ்எஃப்எஸ் இன்ஃபோ’ கட்டளையில் ‘சிஆர்சி=0’ என்று வந்தால் பழையது. இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. டேட்டாவை வேறு டிஸ்குக்கு எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தாக வேண்டும். ஆனால் நான்கைந்து குரூப்புக்கு 25 தாராளம், அதனால் அங்கேயும் அவசரம் வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமென்றால், ஃபைல்களை நகலெடுக்கும் ‘ஆர்சிங்க்’ கட்டளையில் பெரிய ‘ஏ’ (-A) சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் ஃபைல் வரும், பட்டியல் வராது. பணம் கொடுக்கும் முன் கெட்ஃபேக்ல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.