அதே பெயரில் மேடையேறலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் நால்வர் சேர்ந்து நடத்தும் தமிழ் ரொக் இசைக்குழு எங்களுடையது. பாடல்களில் பாதிக்கு மேல் எழுதிய கிற்றார் கலைஞர் திடீரெனக் காலமாகிவிட்டார். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், பிறகு ரொறன்ரோ நிகழ்ச்சிகளுக்கு முற்பணம் வாங்கியாயிற்று. புதியவர் ஒருவரைச் சேர்த்து அதே பெயரில் போகலாமா? "குடும்பத்தாரிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தாருங்கள், குழுவின் பெயரை நானே பதிந்து தருகிறேன்" என்கிறார் ஏற்பாட்டாளர்.

பதில்: போகலாம். ஆனால் ஏற்பாட்டாளரிடம் பெயர்ப் பதிவை ஒப்படைக்காதீர்கள்.

இப்படி "பதிந்து தருகிறேன்" என்று முன்வருபவர், விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? பிறகு உங்கள் பெயரில் நீங்கள் பாட அவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். துக்க வீட்டில் யாரும் படிவத்தை வரி வரியாகப் படிப்பதில்லை. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு நீங்களே போய் குழுவின் பெயரை வியாபாரக் குறியாக (trade mark) பதிய விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் இசை நிகழ்ச்சிகள் 41ஆம் சேவை வகுப்பில் வரும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் புதிதாகச் சேரும் கிற்றார் கலைஞரும் குழுவை விட்டுப் போயிருக்கக்கூடும், அவ்வளவு வேகம். விண்ணப்பத் திகதியையாவது கையில் வைத்திருங்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. ஒரு கருமபீடத்தில் பதிந்தது மற்றக் கருமபீடத்தில் செல்லாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை.

இன்னொரு வியாபாரமும் உண்டு: பாடல்களுக்குப் "பதிப்புரிமைச் சான்றிதழ்" எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. பாடலை இயற்றியவுடன் உரிமை பிறந்துவிடுகிறது. இல்லாத சான்றிதழுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இனிக் குடும்பத்தார். உங்களிடையே எழுத்து ஒப்பந்தம் இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். நம் குழுக்களில் யாரும் எழுதிக்கொள்வதில்லை. பங்குடைமையாக நடந்த குழு என்றால், வேறு உடன்பாடு இல்லாதபோது பங்காளி ஒருவரின் மரணத்தோடு அது கலைந்துவிடும். அவருடைய பங்கு வாரிசுகளைச் சேரும். பெயரிலும் அவர்களுக்கு ஒரு குரல் உண்டு. அமெரிக்காவின் லினர்ட் ஸ்கினர்ட் குழு 1977 விமான விபத்தில் பாடகர் ரொனி வான் சான்ற்றை இழந்தது. 1987இல் எஞ்சியவர்கள் அதே பெயரில் சுற்றுப்பயணம் போனார்கள். பாடகரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். 1988இல் பெயரை எப்போது பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும், இரு தரப்பும் சம்மதித்த நீதிமன்ற ஆணையில் அது முடிந்தது. 1980இல் பாடகரை இழந்த ஏசி/டிசி அதே ஆண்டு புதியவரோடு தொடர்ந்தது. டிரம்ஸ் கலைஞரை இழந்த லெட் செப்பெலின் அதே ஆண்டு கலைந்தது. இவ்விரண்டும் அவர்களே எடுத்த முடிவுகள்.

அவர் எழுதிய பாடல்களின் உரிமை அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். கூட்டாக எழுதியவற்றுக்குக் கடைசியாக மறைபவரிலிருந்து கணக்கு. மேடையில் பாடவும் வாரிசின் அனுமதி வேண்டும். பாடல் அவருடையது என்று சொல்லியே பாட வேண்டும்.

யார் வாரிசு என்பதில்தான் சிக்கல். இறுதி விருப்பாவணம் இல்லையென்றால், பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் பெற்றோர், உடன்பிறந்தோர். ஆனால் அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, வாரிசு வழமைச் சட்டம், குறுக்கிடும். "கொழும்பில் பிறந்தேன், எனக்கேது தேசவழமை" என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பதால் மட்டும் அது விலகிப் போகாது. நிரந்தர வீடு எங்கே, திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா என்று நீதிமன்றம் கிளறும். தேசவழமை பொருந்தினால், பாடல் திருமணத்துக்கு முன் எழுதியதா பின் எழுதியதா, அது தேடிய தேட்டமா (மணவாழ்க்கையில் தேடிய சொத்தா) என்று அடுத்த சண்டை. சீதன வீட்டுக்கென்றே வளர்ந்த சட்டத்தைக் கிற்றார் பாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது சட்டத்தரணிகளுக்கே தலைவலி. மாவட்ட நீதிமன்றத் தவணைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே தீர்ப்புக்குக் காத்திராமல் மனைவி, பிள்ளைகள், தாய், தந்தை, உடன்பிறந்தோர் எல்லோரிடமும் ஒரே தாளில் சம்மதம் வாங்குங்கள்: எந்தெந்தப் பாடல்கள், எந்தெந்த நிகழ்ச்சிகள், வருமானத்தில் எத்தனை வீதம், பெயரை எதுவரை பயன்படுத்தலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். ஏற்பாட்டாளர் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

புதியவர் சம்பளத்துக்கு வாசிக்கிறாரா, பங்காளியா என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ரொறன்ரோ அழைப்புக் கடிதத்தில் மறைந்தவரின் பெயரை நீக்கிப் புதியவரின் பெயரைச் சேர்த்து மறுபடி வாங்குங்கள். "அப்படியே போடலாம்" என்னும் விசா முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முற்பண ஒப்பந்தத்தில் அவரது பெயர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் ஆள் மாற்றத்தை இப்போதே எழுத்தில் அறிவியுங்கள். ஏற்பாட்டாளர் மறுத்தால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.